விழிஞ்ஞத்து அலையும் ஸ்டாக்ஹோம் கழிவுநீரும்: ஓர் ஆற்றல் நெருக்கடியின் இரு வரலாறுகள்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்மேல் நின்றால் ஒருபுறம் பள்ளிவாசலும் மறுபுறம் சிந்து யாத்திரை மாதா ஆலயமும் தெரியும். சற்றுத் தெற்கே புதிய பன்னாட்டுத் துறைமுகத்தின் பளுதூக்கிகள் வானளாவி நிற்கின்றன. தமிழ் வரலாறு பயின்றோர்க்கு இவ்வூர் ஆய் மன்னர்களின் துறைமுகமாகவும் பாண்டியர் செப்பேடுகள் குறிக்கும் கடற்கோட்டையாகவும் அறிமுகமானது. நான் இங்கு நினைவூட்ட விரும்பும் வரலாறு அவ்வளவு பழையதன்று. 1991ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் அலை ஆற்றல் நிலையம் இந்தச் சுவரை ஒட்டித்தான் இயங்கத் தொடங்கியது. இன்று அது இயக்கத்தில் இல்லை.

இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1986இல், ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஹம்மர்பி என்னுமிடத்தில் மற்றொரு நிலையம் தொடங்கப்பட்டது. நகர மக்கள் குளித்தும் துவைத்தும் சமைத்தும் வெளியேற்றிய நீர், சுத்திகரிக்கப்பட்டுக் கடலில் கலப்பதற்கு முன் அந்நிலையத்தின் வழியே பாய்கிறது. அதில் எஞ்சியுள்ள வெப்பத்தை இயந்திரங்கள் பிரித்தெடுத்து, அதே நகரத்தின் வீடுகளுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அது இன்றும் இயங்குகிறது. இவ்வகை நிலையங்களில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

இரண்டும் ஒரே நெருக்கடியில் பிறந்தவை. 1973லும் 1979லும் எண்ணெய் விலை ஏறியபோது, எண்ணெயை நம்பியிருந்த நாடுகள் யாவும் மாற்று வழி தேடின. ஸ்டாக்ஹோம் தன் சாக்கடையை நோக்கித் திரும்பியது. நாம் நம் கடலை நோக்கித் திரும்பினோம். கடலையும் கழிவுநீரையும் ஒப்பிட்டால் எவரும் கடலையே பெரிய ஆற்றலாகச் சொல்வர். எனினும் நிலைத்தது கழிவுநீர். ஏன் என்பதே இப்பதிவின் கேள்வி. திருவனந்தபுரம் தென்கரை நோக்கி விரிந்துகொண்டிருக்கும் இந்நேரத்தில் இதைப் பழங்கதையாகக் கருதி ஒதுக்கிவிட இயலாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தைப் புரிந்துகொள்வோம். 'ஹீட் பம்ப்' எனப் பொறியாளர் அழைக்கும் வெப்ப ஏற்றி நமக்குப் புதியதன்று. ஒவ்வொரு குளிர்பதனப் பெட்டியும் ஒரு வெப்ப ஏற்றியே. பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறக் கம்பிச் சுருள் வழியே அடுக்களைக்குள் விடுவதுதான் அதன் வேலை. குழாய்க்குள் ஓடும் ஒரு திரவம் குளிர்ந்த பக்கத்தில் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்கச் சூடு ஏறுகிறது. சூடான பக்கத்தில் அது வெப்பத்தை விட்டு மீண்டும் திரவமாகிறது. மின்சாரம் இங்கே வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் வெப்பத்தைத் தாழ்ந்த படியிலிருந்து உயர்ந்த படிக்கு ஏற்றிவிடுகிறது. எனவே ஓர் அலகு மின்சாரம் செலவிட்டு மூன்று அலகு அளவுக்கு வெப்பம் பெறுவது இயல்பாகிறது. இரு படிகளுக்கும் இடைப்பட்ட உயரம் குறையக் குறைய ஆதாயம் கூடும். ஏணி குட்டையானால் ஏற்றும் உழைப்பும் குறையும் அல்லவா?

கழிவுநீரின் பெருமை இந்த ஏணிக் கணக்கில்தான் இருக்கிறது. ஸ்டாக்ஹோமின் குளிர்காலக் காற்று உறைநிலைக்குக் கீழே கிடக்கும்போதும், வீடுகளிலிருந்து வரும் நீர் அவ்வளவு குளிர்வதில்லை. குளியலறையின் வெந்நீரும் சமையலறையின் சூடும் அதில் கலந்திருக்கின்றன. கட்டடங்களுக்குள் காசு கொடுத்து உண்டாக்கிய வெப்பம் சாக்கடை வழியே நழுவிப் போகிறது. வெப்ப ஏற்றி அதை வழிமறித்துப் பிடிக்கிறது.

இந்த எண்ணம் எங்கே முளைத்தது என்று தேடினால் வியப்பான ஒரு செய்தி கிடைக்கிறது. கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர், 1852இல் ஒரு கட்டுரை படித்தார். காற்றோட்டங்களைக் கொண்டு கட்டடங்களைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் அதன் பொருள். நிலக்கரியை அடுப்பில் எரித்துப் பெறும் வெப்பத்தைக் காட்டிலும், அதே கரியால் ஒரு பொறியை இயக்கி வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே ஏற்றினால் பன்மடங்கு கிடைக்கும் என்று அவர் காட்டினார். அக்காலத்தில் ஸ்காட்லாந்து அறிஞரிடையே நடந்துகொண்டிருந்த உரையாடலின் மறுமுனை வெப்பமண்டலமாகும். ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் பியாட்ஸி ஸ்மித் வெப்பமண்டல நாடுகளில் அறைக்காற்றைக் குளிர்விக்கும் வழியை முன்வைத்திருந்தார். வடபுலத்தை வெதுவெதுப்பாக்கிய இந்த அறிவின் தொடக்கத்தில், நம்மைப் போன்ற நாடுகளின் புழுக்கமும் ஒரு கேள்வியாக நின்றது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

திருவனந்தபுரமும் அந்த அறிவுலகிற்கு அந்நியமாக இருக்கவில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய வானாய்வு நிலையத்தின் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட், 1840களில் இந்நகர மண்ணுக்குள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்து அளவெடுத்தார். அந்த அளவீடுகளை எடின்பரோ அரச கழகம் வெளியிட்டது. அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் பிரௌன் ஸ்காட்லாந்திலிருந்து இங்கு வந்து சேர்ந்ததும் 1852இல்தான். நிலத்தடி வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாத ஊர் இது. அந்நிலைத்தன்மையை ஓர் அறிவியல் வளமாகக் கருதி அளந்து பார்த்த மரபு இந்நகரத்திற்கு இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம். கட்டுரையின் இறுதியில் அது தேவைப்படும்.

தாம்சனின் எண்ணம் உடனே இயந்திரமாகவில்லை. ஆஸ்திரியப் பொறியாளர் பீட்டர் ரிட்டிங்கர் 1850களின் நடுவில் எபன்சே உப்பாலையில் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். உப்புநீரைக் காய்ச்சும்போது எழும் ஆவியை வீணாக்காமல் அமுக்கிச் சூடேற்றி மீண்டும் காய்ச்சவே பயன்படுத்தினார். விறகுச் செலவு அவரை அவ்வழியில் தள்ளியது. 1938இல் ஜூரிச் நகர மன்றக் கட்டடத்தில், அருகே ஓடும் லிம்மாத் ஆற்று நீரின் வெப்பத்தைக் கொண்டு அறைகளைச் சூடாக்கும் ஏற்றி பொருத்தப்பட்டது. சுவிட்சர்லாந்திற்குச் சொந்த நிலக்கரி இல்லை. மலையருவிகளிலிருந்து மின்சாரம் இருந்தது. போர் மூண்டு கரி வரத்துக் குறைந்தபோது அந்நாட்டில் இவ்வியந்திரங்கள் பெருகின. நகர மன்றத்து ஏற்றி 2001 வரை உழைத்தது. இவ்விரு நிகழ்வுகளிலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. எரிபொருளின் அருமை, வெப்பத்தின் தேவை, அருகிலேயே ஒரு நீர்நிலை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியபோதே இயந்திரம் காலூன்றியது.

ஸ்டாக்ஹோமில் நான்காவதாக ஒன்றும் கூடியது. 1950கள் முதல் அந்நகரம் வெந்நீர்க் குழாய்களின் வலையைத் தெருக்களுக்கு அடியில் விரித்து வந்திருந்தது. வீடுதோறும் கொதிகலன் வைப்பதற்குப் பதிலாக, ஓரிடத்தில் சூடாக்கிய நீரை ஊர் முழுதும் சுற்றவிடும் ஏற்பாடு அது. 1941இல் பாறையைக் குடைந்து திறக்கப்பட்ட ஹென்ரிக்ஸ்டால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் நகராட்சியின் கையில் இருந்தது. 1970இல் ஸ்வீடனின் மொத்த ஆற்றல் தேவையில் சுமார் நான்கில் மூன்று பங்கை எண்ணெய் நிறைவேற்றியது. எண்ணெய் விலை ஏறியதும், 1980களில் அணுமின்னும் நீர்மின்னும் மிகுந்ததும், வெப்ப ஏற்றிக்கு வேண்டிய சூழல் முழுமையானது. கழிவுநீர் ஒரு குழாயில் வந்தது; வெப்பம் மற்றொரு குழாயில் சென்றது; இரண்டும் ஏற்கெனவே இருந்தன. இடையில் இயந்திரத்தை வைப்பது மட்டுமே எஞ்சிய பணி. படிப்படியாக ஏழு ஏற்றிகள் அமைந்து, அவற்றின் மொத்த வெப்பத் திறன் 225 மெகாவாட்டை எட்டியது.

இனி விழிஞ்ஞத்திற்கு வருவோம். இந்திய அரசு 1981இல் கடல் மேம்பாட்டுத் துறையை அமைத்தது. அதன் ஆதரவில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களின் தொடக்கத்தில் அலை ஆற்றல் ஆய்வுக் குழு உருவாயிற்று. பலவகைக் கருவிகளை ஆராய்ந்து, அலைவுறும் நீர்த்தூண் என்னும் முறையை அக்குழு தேர்ந்தெடுத்தது. இதன் தத்துவம் எளிமையும் அழகும் உடையது. அடியில் கடலுக்குத் திறந்த ஒரு கான்கிரீட் பெட்டகத்துக்குள் அலை ஏறும்போது மேலிருக்கும் காற்று வெளியே தள்ளப்படுகிறது. அலை இறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. காற்று எத்திசையில் வீசினாலும் ஒரே திசையில் சுழலும் டர்பைன் ஒன்றைப் பெல்பாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் 1970களில் வடிவமைத்திருந்தார். அதனை மேலே பொருத்தினால் கடல் மூச்சுவிடுவதே மின்சாரமாகிவிடும்.

சுமார் 3,000 டன் எடையுள்ள அப்பெட்டகம் 1990 டிசம்பரில் விழிஞ்ஞத்து அலைத்தடுப்புச் சுவருக்கு அருகே கடலடியில் அமர்த்தப்பட்டது. மறு ஆண்டில் 150 கிலோவாட் மின்னாக்கியுடன் நிலையம் இயங்கியது. அன்றைய உலகில் இத்தகைய நிலையங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. கொந்தளிக்கும் கடலில் அவ்வளவு பெரிய கட்டுமானத்தை நிறுத்தியதே நம் பொறியாளர்களின் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் கடல் ஒரு சீராக மூச்சு விடுவதில்லை. ஓர் அலைக்கும் மறு அலைக்கும் இடையில் ஆற்றல் ஏறி விழுகிறது. அலை தளர்ந்த நொடிகளில் மின்வலையுடன் இணைந்திருந்த மின்னாக்கி, மின்சாரம் தருவதை விட்டு மின்சாரம் உண்ணும் மோட்டாராக மாறியது. இது பொறியாளர் அறிந்து திருத்த முயன்ற குறை. பின்னர் வேறு டர்பைன்களும் சோதிக்கப்பட்டன. நொடிக்கணக்கைக் காட்டிலும் மாதக்கணக்கே வரலாற்று மாணவர் கருதவேண்டியது. கேரளக் கடலின் அலை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, உச்சம் தொடுகிறது. அதே மாதங்களில்தான் இடுக்கி உள்ளிட்ட நீர்த்தேக்கங்கள் நிறைகின்றன. அன்றைய கேரளத்தின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரமே. அதாவது மாநிலத்துக்கு மின்சாரம் தட்டுப்படாத பருவத்தில் அலை மிகுதியாகத் தந்தது. கோடையில் மின்சாரம் தவித்தபோது அலையும் ஓய்ந்திருந்தது. மழைக்காலத்தில் குடை விற்க வந்தவனுக்குக் கூட்டம் சேரும். விழிஞ்ஞத்து நிலையமோ மழையில் நீர் விற்க வந்தது.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. 150 கிலோவாட் மின்சாரம் ஒரு மாநில மின்வலையில் எவர் கண்ணிலும் படாது. அது வந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது. ஹம்மர்பி நிலையம் ஒரு நாள் நின்றால் ஸ்டாக்ஹோமில் வேறு கொதிகலன்களை உடனே மூட்டியாக வேண்டும்; யாரேனும் ஒருவர் தொலைபேசியை எடுத்துக் கேள்வி கேட்பார். விழிஞ்ஞத்து நிலையம் நின்றால் கேள்வி கேட்க வேண்டிய நுகர்வோர் எவரும் இல்லை. உப்புக் காற்றில் இரும்பு அரிப்பது இயற்கை. அரிப்பைத் துடைத்துத் துடைத்து இயந்திரத்தைக் காக்கும் ஊக்கம், அதனால் பயன்பெறுவோர் கொடுக்கும் நெருக்கடியிலிருந்தே வருகிறது.

இதனை நிலையத்தை நடத்தியோரும் உணர்ந்திருந்தனர் என்றே நினைக்கிறேன். 1993இல் சென்னையில் நிறுவப்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் பின்னர் இந்நிலையத்தின் பொறுப்பை ஏற்றது. 2004 வாக்கில் அதன் நோக்கத்தையே மாற்றி, அலை மின்சாரத்தால் கடல்நீரைக் குடிநீராக்கும் அமைப்பு பொருத்தப்பட்டது. நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நன்னீர், அருகிலுள்ள மீனவர் குடியிருப்பை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. மின்வலையின் ஏற்ற இறக்கம் பற்றிய கவலை நீங்கியது. தண்ணீரைத் தொட்டியில் சேமிக்கலாம். கேள்வி, 'எவ்வளவு மின்சாரம் வரும்?' என்பதிலிருந்து 'யாருக்கு என்ன வேண்டும்?' என்பதாக மாறிய தருணம் அது. காலம் கடந்து வந்த மாற்றம். நிலையம் முதுமையடைந்திருந்தது. 2011இல் அதன் பயணம் முடிவுற்றது.

இத்துடன் கதையை முடித்தால் அது தோல்விக் கதையாகிவிடும். உண்மையில் அதே நிறுவனம் வேறோர் இடத்தில் வென்றது. அதற்கு முன் அது மற்றொரு முறை தோற்றது. தமிழ்நாட்டின் குலசேகரப்பட்டினத்திற்கு அப்பால், கடலின் மேற்பரப்புக்கும் ஆழத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து 1 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் 1990களின் பிற்பகுதியில் ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு தொடங்கியது. ஆழத்துக் குளிர்நீரைக் கொண்டுவரும் நெடுங்குழாயைக் கடலில் இறக்கும் முயற்சிகள் கைகூடவில்லை. ஆனால் அந்தத் தோல்வியில் கற்ற பாடம் வீணாகவில்லை. 2005இல் இலட்சத்தீவின் கவரத்தியில், அதே வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு மின்சாரத்திற்குப் பதிலாகக் குடிநீர் எடுக்கும் நிலையம் அமைந்தது. சுமார் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள மேற்பரப்பு நீர் தாழ்ந்த அழுத்தத்தில் ஆவியாகிறது. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் குளிர்நீர் அந்த ஆவியை மீண்டும் நீராக்குகிறது. நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர். பவளத் தீவுகளில் நிலத்தடி நன்னீர் மிக மெல்லிய படலம். குடிநீர் அங்கே உயிர்த்தேவை. ஆகவே நிலையம் நின்றால் மறுநாளே ஊர் கேட்கும். 2011இல் மினிக்காய், அகத்தித் தீவுகளிலும் இம்முறை பரவியது. விழிஞ்ஞத்தின் விளக்கு அணைந்த அதே ஆண்டு இது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு வடசென்னை அனல்மின் நிலையத்தில் உள்ளது. அனல்மின் நிலையங்கள் நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளிழுத்து, சில டிகிரி சூடாக்கி மீண்டும் கடலில் விடுகின்றன. அந்தக் கழிவு வெப்பத்தைக் கொண்டு நாளொன்றுக்கு 1.5 லட்சம் லிட்டர் நன்னீர் எடுக்கும் செயல்விளக்க நிலையத்தை அதே நிறுவனம் 2009இல் அமைத்தது. வெளியேறும் நீரில் எஞ்சிய சில டிகிரிகளுக்கும் விலை உண்டு என்பதைத் தமிழ் மண்ணில் காட்டிய சான்று இது. இங்கே வெப்ப ஏற்றி இல்லை. ஆனால் ஹம்மர்பியின் சிந்தனை இருக்கிறது.

இப்போது திருவனந்தபுரத்தின் கழிவுநீரை நோக்குவோம். விழிஞ்ஞத்திலிருந்து கரையோரமாகச் சில கிலோமீட்டர் வடமேற்கே முட்டத்தறையில், நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவுடைய சுத்திகரிப்பு நிலையம் 2013 முதல் இயங்குகிறது. அதற்கு முந்தைய காலத்தில் நகரக் கழிவுநீர் இதே வலியதுறைப் பகுதியின் பண்ணை நிலத்தில் பாய்ந்து கால்நடைத் தீவனப் புல்லை வளர்த்தது. அன்றைய நகரம் கழிவுநீருக்கு ஒரு பயனையும், அந்தப் பயனுக்கு அண்மையிலேயே ஒரு நுகர்வோரையும் கண்டிருந்தது. அந்த நுகர்வோர் பசுக்கள் என்பதால் வரலாறு அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 10 லட்சம் லிட்டர் நீரை 5 டிகிரி குளிர்வித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 5,800 கிலோவாட் மணி. நாள் முழுதும் சீராகப் பகிர்ந்தால் ஏறத்தாழ 240 கிலோவாட். விழிஞ்ஞத்து மின்னாக்கியின் முழுத் திறனைவிட இது அதிகம். முட்டத்தறையின் கொள்ளளவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நீரிலிருந்து, பருவம் பாராமல் கிடைப்பது. வெப்பமும் மின்சாரமும் ஒன்றல்ல, ஏற்றியை இயக்கவும் மின்சாரம் வேண்டும் என்பதை மறக்கவில்லை. அளவை உணர்வதற்காகவே இந்த ஒப்பீடு.

ஆயினும் ஸ்டாக்ஹோமை அப்படியே பெயர்த்து இங்கு நட முடியாது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அங்கே காற்று உறையும்போது கழிவுநீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த வேறுபாடே ஆதாயம். இங்கே காற்றே ஆண்டு முழுதும் சூடு. வெந்நீர் மட்டும் வேண்டுமெனில் காற்றிலிருந்தே வெப்பம் எடுக்கலாம். சாக்கடையைத் தேடிப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. வீடுகளைச் சூடாக்கும் தேவை அறவே இல்லை. நம்முடைய தேவை தலைகீழானது: கட்டடத்திலிருந்து எடுத்த வெப்பத்தை எங்கே கொட்டுவது? உச்சிவெயிலில் 33 டிகிரிக் காற்றில் கொட்டுவதைக் காட்டிலும், 28 டிகிரியை ஒட்டிய நீரில் கொட்டினால் ஏணி குட்டையாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் மின்செலவு சில விழுக்காடு குறையும். டோக்கியோவின் கொராகு வட்டாரத்தில் 1994 முதல் கழிவுநீரைக் கொண்டு கட்டடங்களைக் கோடையில் குளிர்விக்கவும் குளிர்காலத்தில் சூடாக்கவும் செய்கிறார்கள். கோவளம் கரையின் விடுதிகளுக்கும் நகரின் மருத்துவமனைகளுக்கும் குளிர்ச்சியும் வெந்நீரும் ஒரே நேரத்தில் தேவை. அறையின் வெப்பத்தை எடுத்து வெந்நீராக்கி, மிஞ்சியதைச் சுத்திகரித்த நீரில் விடும் ஏற்பாடே இங்குப் பொருந்தும். 1852இல் ஸ்காட்லாந்து அறிஞர்கள் எழுப்பிய வெப்பமண்டலக் கேள்விக்கு அது காலம் தாழ்ந்த விடையாக அமையும். கால்டிகாட் மண்ணுக்குள் கண்ட அந்த மாறாத வெப்பநிலை, நமக்கு வெப்பத்தின் ஊற்றாகப் பயன்படுவதைவிட வெப்பத்தின் வடிகாலாகவே பயன்படும்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. சூடான நீரில் உயிர்வளி குறையும். முட்டத்தறையின் நீர் சேரும் பார்வதி புத்தனாறு ஏற்கெனவே நொந்துபோன கால்வாய். அதன் கரையிலும் பூந்துறைக் கடற்கரையிலும் வாழ்வோர் மீனவர். நகரத்தின் கழிவைத் தலைமுறை தலைமுறையாகத் தம் வாசலில் ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். விடுதி அறையின் குளிர்ச்சிக்காக அவர்களுடைய நீரில் வெப்பத்தையும் சேர்ப்பது நீதியாகுமா? எவ்வளவு வெப்பம் விடலாம் என்ற வரம்பை முதலில் வகுத்து, பயனில் ஒரு பங்கு அக்குடியிருப்புகளுக்கும் சென்று சேரும்படி அமைத்தாலன்றி, இத்தகைய திட்டம் ஊராரின் ஒப்புதலைப் பெறாது. 2022இல் இக்கரையில் எழுந்த துறைமுக எதிர்ப்புப் போராட்டம், கடற்கரை மக்களைக் கேளாமல் கடற்கரையைத் திட்டமிட இயலாது என்பதை எல்லார்க்கும் உணர்த்தியிருக்க வேண்டும்.

2025 மே 2 அன்று விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதைச் சுற்றிக் கிடங்குகளும் குடியிருப்புகளும் விடுதிகளும் எழும்; சாலைக்கு அடியில் குழாய்கள் புதையும். புதைந்த குழாய் ஐம்பது ஆண்டுகளுக்கு ஓர் ஊரின் விதியைத் தீர்மானிக்கிறது. ஸ்டாக்ஹோம் 1986இல் வென்றதற்கு 1950களில் புதைத்த குழாய்களே காரணம் என்பதை மேலே கண்டோம். குளிர்ச்சி வேண்டும் கட்டடத்துக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை வரைபட மேசையிலேயே தீர்மானிக்கலாம். தார் போட்ட பின் தீர்மானிக்க முடியாது.

ஆற்றல் வரலாற்றைப் பயிலும் மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. இயந்திரங்களின் வரலாற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாக மட்டும் எழுதாதீர்கள். அந்த இயந்திரம் நின்றபோது யார் கேட்டார்கள் என்பதையும் தேடுங்கள். விழிஞ்ஞத்து நிலையத்தின் நாட்குறிப்புகள், பழுதுப் பதிவேடுகள், அதனருகே வலை உலர்த்திய மீனவரின் நினைவுகள் ஆகியவை ஒருங்கே தொகுக்கப்பட வேண்டும். இருபதாண்டுக் காலம் நம் கரையில் மூச்சுவிட்ட ஓர் இயந்திரத்தின் முழு வரலாறு தமிழிலோ மலையாளத்திலோ எழுதப்படுமாயின், அடுத்து இக்கரையில் நிறுவப்படும் இயந்திரம் எதுவாயினும் அதன் முதல் நுகர்வோர் யார் என்ற கேள்வியோடு தொடங்கும். அப்பணியில் ஈடுபட விரும்புவோர் எழுதுங்கள், சேர்ந்து செய்வோம்.